ரூல் கோளாறா, எனக்குப் பிடிக்கலையா? – ஆர்பிஜி டிசைனும் ரசனையும்

#1 செல்வி_ஜிஎம்

ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமா கதை ஆடுற ஆட்டம். அதோட ரூல் பற்றிப் பேச்செடுத்தாலே ரெண்டு வசனத்தில் முடிஞ்சுபோகுது. ஒருத்தர் "இது மோசமான டிசைன்" என்பார். அடுத்தவர் "உனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்" என்பார். அதோட கடை சாத்தியாச்சு. முதல் ஆள் தன் எரிச்சலுக்குச் சட்டை போட்டு விட்டு டிசைன்னு பேர் வைக்கிறார். ரெண்டாவது ஆள் யோசிக்கச் சோம்பல்படுகிறார். எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம்.

நான் பிடிச்சு நிற்கிற இடம் இது. ஒரு ஆட்டம் உங்களுக்கு என்ன தரப்போகுதுன்னு புத்தகமே வாக்குக் கொடுக்கும். முன்னுரையில் கொடுக்கும், கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தோட திறமைகளைக் குறிக்கிற தாள்) கொடுக்கும், எதுக்கு எக்ஸ்பி (பாத்திரம் வளர்றதுக்கான அனுபவப் புள்ளி) தருதோ அதிலயும் கொடுக்கும். அந்த வாக்கை ஒரு ரூல் தானே உடைச்சா அது கோளாறு. எனக்கு அந்த ரூல் உயிரா இருந்தாலும் கோளாறுதான். வாக்கே எனக்கு வேண்டாததுன்னா அது ரசனை.

1991ல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' எடுத்துக்குங்க. திறமைக்கு ஏத்த மாதிரி பத்துமுகப் பகடைகளை அள்ளி உருட்டணும். ஜிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) சொல்ற கடின எண்ணை எட்டுற ஒவ்வொரு பகடையும் ஒரு வெற்றி. 1 விழுந்தா அது ஒரு வெற்றியை அடிச்சுடும். வெற்றிகளைவிட 1கள் அதிகமா இருந்தா 'பாட்ச்', அதாவது பெரிய சொதப்பல். படிக்கும்போது அழகா இருக்கு. ஆனா காரியம் ரொம்பக் கஷ்டமா இருந்து கடின எண் 10க்குப் போச்சுன்னா, திறமை கூடக் கூடச் சொதப்பலும் கூடும். ஷீட்டில் புள்ளி புள்ளியா கறுத்து நிரப்பி "இவன் கெட்டிக்காரன்"னு எழுதியிருக்கு. பகடை அதை ஒத்துக்கலை.

இதையும் ரசனைன்னு சொல்றவங்க கை தூக்குங்க.

---

#2 ஒருபக்கவிதி

தூக்கிட்டேன் மேடம்.

கெட்டிக்காரன் பெரிய காரியத்தில் கை வச்சா பெருசாத்தான் சொதப்புவான். கத்துக்குட்டி அந்தப் பக்கமே போக மாட்டான். அது ரத்தம் குடிக்கிறவங்களோட சோகக் கதை. அதுல பயம் வேணும். நான் அந்த ரூலை ரசிச்சு ஆடினவன்.

"ஆட்டம் கொடுத்த வாக்கு"ன்னு நீங்க சொல்றதும் நீங்க படிச்ச வாக்குதான். நான் வேற வாக்கு படிச்சேன். அப்போ திரும்ப ரசனைக்கே வந்தாச்சு இல்லையா?

---

#3 கணக்கன்

சண்டைக்கு முன்னாடி எண்களைப் போட்டுடறேன். ஒரு 1 ஒரு வெற்றியை அடிக்கும், பத்துக்கு மறு உருட்டல் இல்லைன்னு வச்சுக்கிறேன்.

கடின எண் 10. பாட்ச் ஆகிற வாய்ப்பு:
1 பகடை – 10%
2 பகடை – 17%
3 பகடை – 22%
5 பகடை – 28.4%

இந்தக் கடினத்தில் ஒரு பகடையில் வெற்றிக்கும் 1க்கும் சம வாய்ப்பு. அதனால் ஜெயிக்கிற வாய்ப்பும் அச்சாக அதே எண்கள்தான். அஞ்சு பகடை வச்சிருக்கிறவர் 28.4% ஜெயிப்பார், 28.4% சந்தி சிரிக்கச் சொதப்புவார்.

ஆனா ஒண்ணு சொல்லணும். சாதாரணக் கடினம் 6. அங்கே 10%, 9%, 7.6% என்று ஒழுங்காகத்தான் இறங்குது. அதாவது தினசரி வேலையில் ரூல் தன் வாக்கைக் காப்பாத்துது. கஷ்டமான நேரத்தில்தான் கவிழ்க்குது.

---

#4 செல்வி_ஜிஎம்

> அது ரத்தம் குடிக்கிறவங்களோட சோகக் கதை. அதுல பயம் வேணும்.

சரி தம்பி, பயம் வேணும்னே வச்சுக்குவோம். அப்போ கடினம் 6லயும் அதே மாதிரி ஏறணும் இல்லையா? அங்கே இறங்குது. "திறமை கூடினா பயமும் கூடும்"ங்கறது அந்த ஆட்டத்தோட கொள்கைன்னா எல்லா இடத்திலயும் இருக்கணும். ஒரு மூலையில மட்டும் இருந்தா, யாரும் அந்த மூலைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலைன்னுதான் அர்த்தம். நீங்க ரசிச்சீங்க, நான் மறுக்கலை. நானும்தான் வருஷக்கணக்கா அதை ஆடியிருக்கேன். கோளாறைக் காதலிக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதும் இல்லையே.

---

#5 தாக்கோ_தாத்தா

பேருக்குத் தகுந்த மாதிரி நான் வந்துதானே ஆகணும்.

1989ல் வந்த டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ரெண்டாம் பதிப்பில ஆடினவங்களுக்கு தாக்கோ தெரியும். எதிராளியோட ஏசி, அதாவது கவச எண், பூஜ்யமா இருந்தா அடிக்க இருபதுமுகப் பகடையில எவ்வளவு விழணும்கற எண். கவசம் நல்லதாக ஆக ஏசி குறையும், பூஜ்யத்துக்கும் கீழே மைனஸுக்குப் போகும். என் வீரன் தாக்கோ 16, எதிராளி ஏசி 3. பதினாறிலே மூணு போனா 13, அது விழணும். எதிராளி ஏசி மைனஸ் 2ன்னா பதினாறோட ரெண்டைக் கூட்டி 18.

2000ல மூணாம் பதிப்பு வந்து இதைத் தலைகீழாக் கவுத்துச்சு. ஏசி மேலே ஏறும், பகடையோட போனஸைக் கூட்டு, ஏசியைத் தொட்டா அடி. என் வீரனுக்கு +4, எதிராளிக்கு 17. அங்கேயும் 13தான் விழணும். மைனஸ் 2 இப்போ 22 ஆச்சு. அங்கேயும் 18தான்.

ஒரு சதவீதம் மாறலை! ஆனா இன்னிக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் "தாக்கோ மட்டமான டிசைன்"னு பாட்டு பாடுறாங்க. விடை ஒண்ணு, வழி ரெண்டு. இதிலே எங்கேய்யா டிசைன் வந்துச்சு? பழக்கம்தானே?

---

#6 கணக்கன்

தாத்தா, விடை ஒண்ணுதான். அங்கே போய்ச் சேர மேசை கொடுக்கிற விலை ஒண்ணு இல்லை. கூட்டல் எல்லாருக்கும் தூக்கத்தில வரும். மைனஸ் எண்ணைக் கழிக்கணும்னா நாலு பேரில் ஒருத்தர் நின்னு யோசிப்பார். ஒரு சண்டையில் அது எத்தனை தரம் நடக்கும்னு பாருங்க.

பழைய முறையில ஆட்டக்காரருக்குக் கிடைச்சது என்ன? ஏதாவது ருசி, ஏதாவது முடிவெடுக்கிற வாய்ப்பு? எதுவும் இல்லை. அதே பொருளை விலை குறைச்சு வாங்கலாம்னா, குறைச்ச விலைதான் நல்ல டிசைன். இதுக்கு வாக்கு, முன்னுரை எதுவுமே தேவையில்லை.

---

#7 தாக்கோ_தாத்தா

கிடைச்சுதே. புதுசா வந்தவன் முழிக்கிறதைப் பார்க்கிற சுகம்.

---

#8 வடலி

நான் கால் ஒஃப் துலு ஆள். 1981இல் வந்த ஆட்டம், நூறுமுகப் பகடை, பேய் பிசாசைத் தேடிப் போய்ப் பைத்தியம் பிடிக்கிறது. செல்வி அக்கா சொன்ன வாக்குக் கதைக்கு எங்கட பக்கத்திலயும் ஒரு வழக்கு இருக்கு, வாம்பயரை விட நல்ல வழக்கு எண்டு நினைக்கிறன்.

துப்பறியிற கதை. மேசை லாச்சிக்குள்ள ஒரு கடிதம். அந்தக் கடிதம் கிடைக்காட்டி கதை நகராது. ரூலின்ர படி, 'ஸ்பாட் ஹிடன்' (ஒளிஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிக்கிற திறமை) உருட்ட வேணும். அந்தத் திறமைக்கு ஒண்டும் செலவழிக்காத ஆளுக்கு 25 வீதம். நாலு பேரும் அப்பிடி எண்டால், நாலு பேரும் தேடியும் ஒருத்தருக்கும் கிடைக்காமல் போற வாய்ப்பு கிட்டத்தட்ட 32 வீதம். அப்ப ஜிஎம் என்ன செய்வார்? "சரி, இன்னொருக்கா உருட்டுங்கோ" எண்டுவார். அல்லது கடிதத்தைக் காற்றில பறக்க விட்டு ஆற்றயோ காலடியில விழுத்துவார். எல்லா ஜிஎம்மும் இதைச் செய்திருப்பினம். ஒரு ரூலை எல்லாரும் களவாய் மீறினால்தான் ஆட்டம் ஓடும் எண்டால், அந்த ரூலில என்னவோ இருக்கு.

ராபின் லாஸ் எண்ட டிசைனர் 'எஸோடெரரிஸ்ட்ஸ்' ஆட்டத்தோட கம்ஷூ எண்ட முறையைக் கொண்டு வந்தார். பொருத்தமான திறமை இருக்கிற ஆள் அந்த இடத்தில தேடினால் துப்பு கிடைக்கும். உருட்டல் இல்லை. 2008இல் கெனத் ஹைட் அதே முறையில துலு ஆட்டம் எழுதினார். துப்பு கிடைக்குமோ எண்டது கேள்வி இல்லை, கிடைச்ச துப்பை வைச்சு என்ன விளங்கிக்கொள்ளுறம் எண்டதுதான் கேள்வி.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ர பழைய குழு, "பகடை இல்லாமல் துப்பறியிறதில என்ன சுவாரசியம்" எண்டு மூஞ்சையைச் சுழிச்சிட்டினம். பழைய முறையில கோளாறு. புது முறையில கோளாறு இல்லை. ஆனால் ஆடின ஆக்களுக்குப் பிடிக்கேல்லை. இதை எங்க வைக்கிறது?

---

#9 ஒருபக்கவிதி

வடலி அண்ணா, நன்றி. என் கட்சிக்கு வாங்க.

நம்ம ஊர் தாயத்தையே எடுத்துக்கலாம். தாயக்கட்டை ரெண்டையும் உருட்டி 1 விழுந்தாத்தான் காய் உள்ளே இறங்கும். எட்டில் ஒரு வாய்ப்பு. பாட்டி நாலு காயையும் இறக்கி ஊர்கோலம் போயிட்டிருப்பாங்க, நான் கட்டையை ஊதி ஊதி உருட்டிட்டு உக்காந்திருப்பேன். இன்னிக்கு எந்த டிசைனர்கிட்டக் கேட்டாலும் "ஆட்டக்காரரைச் சும்மா உக்கார வைக்காதே"ன்னு பாடம் எடுப்பார். ஆனா தாயம் விழாத அந்த நேரம்தானே ஆட்டமே? சுத்தி இருக்கிறவங்க கேலி பண்றது, கட்டையை மாத்தச் சொல்றது, எல்லாம் அப்போதானே நடக்குது. காகிதத்தில கோளாறு, திண்ணையில கொண்டாட்டம்.

துப்பு கிடைக்காம முழிக்கிறதும் அப்படித்தான் இருக்கலாம்.

---

#10 செல்வி_ஜிஎம்

தாயம் உதாரணம் நல்லா இருக்கு, ஆனா உங்களுக்கே எதிரா நிக்குது.

தாயம் விழாதவர் சும்மா உக்காரலை. ஒவ்வொரு சுற்றிலும் கட்டை அவர் கைக்கு வருது. ஒவ்வொரு தடவையும் எட்டில் ஒண்ணு உயிரோட இருக்கு. நீங்க நின்னாலும் பாட்டி ஓடுறாங்க, அதனால ஆட்டமும் ஓடுது. துலுவில் கடிதம் கிடைக்கலைன்னா பாட்டியும் நிக்கணும். மேசை மொத்தமும் நிக்குது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். துலு ஏழாம் பதிப்பில 'புஷ்' பண்றது வந்துச்சு. தோத்த உருட்டலை இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம், ஆனா இந்தத் தடவையும் தோத்தா ஏதோ கெட்டது நடக்கும்னு ஒத்துக்கணும். இப்போ தோல்வியும் கதையை எங்கேயோ தள்ளுது. கம்ஷூ பகடையைத் தூக்கி எறிஞ்சுது, இவங்க பகடையை வச்சுக்கிட்டே அடைப்பை எடுத்தாங்க. வடலியோட குழு கேட்டது இதைத்தானோ என்னவோ. அவங்க மூஞ்சி சுழிச்சது கோளாறுக்காக இல்லை, பகடை போச்சேன்னுதான். அதுதான் ரசனை. அதுக்கு மருந்து வேற மாதிரி டிசைன்லயும் கிடைக்குதுங்கறது எனக்குப் பிடிச்ச விஷயம்.

---

#11 குகைவாசி

ரேஞ்சர் பற்றி யாருமே வாயைத் திறக்கலையே! 2014ல வந்த டி அண்ட் டி அஞ்சாம் பதிப்பு ரேஞ்சர், காட்டுல சுத்துற வேட்டைக்காரப் பாத்திரம். இணையத்தில எல்லாரும் காறித் துப்புற கிளாஸ் (பாத்திர வகை). நான் லெவல் 1ல இருந்து ஆடினேன், ரொம்பப் பிடிக்கும். வாங்க, கல்லை எறிங்க.

---

#12 செல்வி_ஜிஎம்

கல் இல்லை, ஒரு கேள்விதான்.

அந்தப் புத்தகம் ஆட்டத்துக்கு மூணு தூண்னு சொல்லுது: ஊர் சுற்றித் தேடுறது, மனுஷங்களோட பழகுறது, சண்டை. முதல் தூணுக்கு ரேஞ்சர்தான் ராஜா. அவருக்குக் கொடுத்த திறமை என்ன? தனக்குப் பழக்கமான நிலத்தில குழு வழி தவறாது, மந்திரத்தால தவிர. கரடுமுரடு நடையைக் குறைக்காது. தீனி தேடினா ரெட்டிப்பு கிடைக்கும். அதாவது காட்டில நடக்கக்கூடிய சங்கடம் எல்லாத்தையும் ரூல் அழிச்சுடுது. காட்டை விரும்பி ரேஞ்சர் எடுத்தவருக்குக் காடே காணாமப் போகுது. "நாலு நாள் நடந்தீங்க, வந்து சேர்ந்தாச்சு"ன்னு ஜிஎம் ஒரு வரியில முடிப்பார். பழக்கமில்லாத நிலத்துக்குப் போனா அந்தத் திறமை வேலையே செய்யாது.

---

#13 கணக்கன்

ஒரு நிமிஷம். கம்ஷூவும் அதைத்தானே பண்ணுது? துப்பறிவாளனுக்கு "துப்பு கிடைக்குமா"ங்கற சங்கடத்தை அழிச்சுடுது. அது நல்லது, இது கெட்டதா?

---

#14 செல்வி_ஜிஎம்

அது நல்லா மாட்டிவிடுற கேள்வி. ராத்திரி முழுக்க இதையே யோசிச்சேன்.

ரெண்டும் ஒரு உருட்டலை எடுக்குது. ஆனா எடுத்த இடத்தில என்ன வைக்குதுன்னு பாருங்க. கம்ஷூ துப்பை மடியில போட்டுட்டு "இப்போ இதுக்கு அர்த்தம் சொல்லு"ங்குது. சந்தேகப்படறது, ஒண்ணோட ஒண்ணைக் கோக்கறது, தப்பா முடிவுக்கு வர்றது, எல்லாம் அதுக்கப்புறம்தான் ஆரம்பம். ரேஞ்சர் விஷயத்தில சங்கடத்தை எடுத்தாச்சு, அந்த இடம் காலி. "வழி தவறலை, ஆனா மூணு வழி தெரியுது, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆபத்து, நீ எதை எடுக்கிறே"ன்னு ரூல் எதையாவது கையில கொடுத்திருந்தா அந்த ரேஞ்சரை நானே எடுப்பேன்.

2020ல் 'டாஷா'ன்னு வந்த டி அண்ட் டி துணைப் புத்தகத்தில அதுக்குப் பதிலா வேற திறமை எடுத்துக்கலாம்னு விட்டதையும் கவனிங்க. எழுதினவங்களுக்கே உறுத்தியிருக்கு.

---

#15 குகைவாசி

மேடம், நீங்க சொல்றது காகிதத்துக்குச் சரி. எனக்கு அந்த ஒரு வரிதான் வேணும்! "எல்லாரும் தொலைஞ்சுபோற காட்டில இவர் மட்டும் தொலைய மாட்டார்"னு ஜிஎம் சொல்லும்போது நெஞ்சு நிமிருது பாருங்க. வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு ஆடுற எனக்கு மூணு வழியில எதுன்னு யோசிக்கத் தெம்பு இல்லை. நான் காட்டுக்காக ரேஞ்சர் எடுக்கலை. காட்டை ஜெயிச்ச ஆளா இருக்கணும்னு எடுத்தேன்.

---

#16 வடலி

குகைவாசி சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது. நான் மறுபக்கத்தில இருந்து ஒண்டு சொல்லுறன்.

டிரெட் எண்டு ஒரு பேய் ஆட்டம். பகடையே இல்லை. நடுவில ஜெங்கா கோபுரம். ஆபத்தான காரியம் செய்ய வேணுமெண்டால் ஒரு கட்டையை இழுத்து மேல வைக்க வேணும். கோபுரம் விழுந்தால் உங்கட ஆள் கதையை விட்டுப் போயிடும். நேரம் போகப் போகக் கோபுரம் தானாய் ஆடத் தொடங்கும். பயம் ஏறுறதுக்கு ஜிஎம் ஒண்டும் செய்யத் தேவையில்லை. எண்ணும் இல்லை, அட்டவணையும் இல்லை, பார்க்கிற எல்லாருக்கும் நிலவரம் தெரியும். நான் பார்த்த டிசைன்களில இவ்வளவு சுத்தமானது வேற இல்லை.

எனக்குக் கை நடுங்கும், மருந்தால வாறது. நான் முதல் கட்டையிலயே ஆளைக் கொல்லுவன். டிரெட் எனக்கான ஆட்டம் இல்லை. ஆனால் ஒருத்தரும் என்ர வாயில இருந்து "டிரெட் மோசமான டிசைன்" எண்டு கேக்க மாட்டினம்.

---

#17 ஒருபக்கவிதி

வடலி அண்ணா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா செல்வி மேடத்தோட "வாக்கு" இன்னும் உதைக்குது. பிளேட்ஸ் இன் தி டார்க்ங்கற திருடர் ஆட்டத்துல திருட்டுக்கு விலாவாரியாத் திட்டம் போடக்கூடாது. நேரா உள்ளே குதி, தேவைப்பட்டா "இதுக்கு முன்னாடியே காவலாளிக்குக் காசு கொடுத்துட்டேன்"னு பின்னோக்கிக் கதை சொல்லு. எங்க குழுவில ஒருத்தர் திட்டம் போடறதுக்காகவே உயிர் வாழறவர், அவருக்கு இது அவமானம். புத்தகம் முதல்லயே நேராச் சொல்லிடுது, அதனால அது கோளாறு இல்லை, அவர் ரசனை. இதுவரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா எல்லாப் புத்தகமும் அப்படி நேர்மையாச் சொல்லுதா?

---

#18 தாக்கோ_தாத்தா

அங்கேதான் வரணும்னு காத்திருந்தேன்.

எங்க காலத்துப் பழைய டி அண்ட் டியில எக்ஸ்பி எதுக்கு வரும்? பெரும்பாலும் தங்கத்துக்கு. ஒரு பொற்காசு வெளியே கொண்டு வந்தா ஒரு எக்ஸ்பி. அரக்கனைக் கொன்னா கிடைக்கிறது சில்லறை. அதனால நாங்க சண்டை போட மாட்டோம். ஏமாத்துவோம், லஞ்சம் கொடுப்போம், அரக்கன் தூங்குற நேரம் பார்த்து மூட்டையைத் தூக்குவோம். முன்னுரையில எவனும் "நீங்க திருடர்கள்"னு எழுதலை. எக்ஸ்பி அட்டவணை சொல்லுச்சு, நாங்க கேட்டோம்.

ரெண்டாம் பதிப்பு வந்ததும் தங்கத்துக்கு எக்ஸ்பி 'விருப்பம் இருந்தா வச்சுக்கோ' ஆயிடுச்சு. புத்தகம் முழுக்க வீரம், தியாகம், காவியம்னு பேச்சு. கையில முக்கியமா மிஞ்சினது அரக்கனைக் கொன்னா வர்ற எக்ஸ்பி. என்ன ஆச்சு? தூங்குற அரக்கனை எழுப்பி அடிச்சோம். காவியமும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை.

அப்போ செல்விம்மா, எது வாக்கு? முன்னுரையா, அட்டவணையா?

---

#19 செல்வி_ஜிஎம்

அட்டவணைதான் தாத்தா. முன்னுரை எழுதறவங்க ஆசையை எழுதுவாங்க. ஆட்டக்காரர் பசியோட பார்க்கிறது அட்டவணையை. ரெண்டும் ரெண்டு திசையில இழுத்தா அந்த இழுபறியே கோளாறு. எந்தப் பக்கம் சரின்னு நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

---

#20 தாக்கோ_தாத்தா

நாங்க அந்தக் கோளாறோடயே வருஷக்கணக்கா சிரிச்சுக்கிட்டே ஆடினோம். அதையும் குறிச்சுக்கோ.

---

#21 கணக்கன்

முதல் கேள்விக்குத் திரும்பறேன். வாம்பயர் பாட்சை 1998 திருத்திய பதிப்பில மாத்தினாங்க. ஒரு வெற்றிகூட விழாம, 1 விழுந்தா மட்டும் பாட்ச். எல்லாரும் "சரி பண்ணிட்டாங்க"ன்னு சொல்றாங்க. கடினம் 10க்குப் போட்டுப் பார்த்தேன்: 10%, 17%, 21.7%, அஞ்சு பகடைக்கு 26.3%. கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் ஏறுது. கடினம் 6ல அஞ்சு பகடைக்கு 2.1%தான்.

2004ல வந்த வாம்பயரோட புது வரிசையிலதான் வேரோட பிடுங்கினாங்க. இலக்கு எண் எப்பவும் 8. காரியம் கஷ்டம்னா எண் ஏறாது, பகடை குறையும். குறைஞ்சு குறைஞ்சு பகடையே மிச்சமில்லைன்னா ஒரே ஒரு அதிர்ஷ்டப் பகடை, அதுல 1 விழுந்தாத்தான் பெரிய சொதப்பல். கெட்டிக்காரன் தன் கெட்டிக்காரத்தனத்தால கவிழ வழியே இல்லை. செல்வி மேடம் கேட்ட வாக்கு காப்பாத்தப்பட்டாச்சு.

---

#22 ஒருபக்கவிதி

அதை ஆடிப் பார்த்தேன் கணக்கன். கணக்கெல்லாம் சுத்தம். ஒரு கதை முழுக்க ஒரே ஒரு சொதப்பல்கூட வரலை, எனக்குக் கொட்டாவி வந்துச்சு.

சனிக்கிழமை ராத்திரி பழைய புத்தகத்தில ஆட்டம் நடத்தறேன். மூணு இடம் காலி. கடினம் 10 கேட்பேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

---

#23 செல்வி_ஜிஎம்

ஒரு இடம் எனக்கு.